பூசாத எலக்ட்ரோடு

கரண்ட் போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று செண்பகவல்லிக்கு ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்திலேயே வெட்கப்பட்டு அதைத் தள்ளிவிட்டாள், தள்ளிய பிறகும் அது போகவில்லை, உட்காரச் சொல்லாத விருந்தாளி மாதிரி ஓரமாக நின்றுகொண்டிருந்தது. திரையில் கோடு ஓடிக்கொண்டிருந்தது. வலப்பக்கம் போய், மேலே ஏறி, திரும்பி, இடப்பக்கம் வந்து, கீழே இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் கோடு, ஒவ்வொரு திரும்பலுக்கும் கருவிக்குள் டிக் என்று ஒரு சத்தம். இப்படி ஐம்பது சுற்று. ஐம்பதும் முடிந்தால்தான் அளக்க முடியும், அளந்தால்தான் தெரியும், தெரிந்துவிட்டால், என்று அந்த இடத்துக்கு வந்ததும் அவள் நினைப்பு முட்டிக்கொண்டு நின்றது, பிறகு பின்னால் போய் வேறு வழியாக வந்து அதே இடத்தில் மறுபடியும் முட்டியது. பார்க்க ஒன்றுமில்லாத காரியம்தான். டீ கிளாஸ் அளவுகூட இல்லாத ஒரு கண்ணாடிக் குப்பி, அதில் பாதிக்கு நீர்த்த அமிலம், அமிலத்துக்குள் மூன்று கால்கள். ஒன்று அவளுடைய எலக்ட்ரோடு, பேனா பருமனில் ஒரு குச்சி, அதன் நுனியில் மிளகைவிடச் சின்னதாக ஒரு கறுப்பு வட்டம், அந்த வட்டத்தின்மேல் அவள் ஐந்து வருஷமாகச் சுட்டு அரைத்துக் கழுவிச் சலித்த கரித்தூள் ஒரு சொட்டாக விட்டுக் காயவைக்கப்பட்டிருந்தது. இன்னொன்று, அளவு பிசகாமல் இருப்பதற்காக மட்டும் நிற்கும் ஒரு கண்ணாடிக் குழாய். மூன்றாவது, மின்சாரம் போய் வர ஒரு வழி, அவ்வளவுதான் அதற்கு வேலை, அதை யாரும் கவனிப்பதுகூட இல்லை. அந்த மூன்றாவது இடத்தில் எப்போதும் பிளாட்டினக் கம்பி நிற்கும். இன்றைக்கு அங்கே ஒரு கரிக்குச்சி நின்றது. ஹாஸ்டல் வாட்ச்மேனிடம் தீர்ந்துபோன டார்ச் பேட்டரி ஒன்றைக் கேட்டு வாங்கி, காலையில் பாத்ரூம் தரையில் வைத்து உடைத்து, உள்ளிருந்த கரிக்குச்சியை உருவி எடுத்து, லேபுக்குக் கொண்டுவந்து அமிலத்தில் கொதிக்கவைத்து, பிறகு வெறும் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஒட்டியிருந்த அழுக்கெல்லாம் போய்விட்டது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டுதான் மாட்டியிருந்தாள். பிளாட்டினக் கம்பி மேஜைமேல் ஒரு கண்ணாடித் தட்டில் சுருண்டு கிடந்தது. அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று இருந்தாள், ஆனால் கண் அங்கேதான் போயிற்று.

எல்லாம் முந்தாநாள் செய்த ஒரு தப்பினால் வந்தது. பிஎச்.டி. ஆய்வைச் சுருக்கி எழுதிக்கொடுக்கும் சினாப்சிஸில் போட ஒரே ஒரு படம் மங்கலாக இருக்கிறது, இன்னொரு தடவை ஓட்டி நல்ல படமாக எடுத்துவிடு என்று அவளுடைய வழிகாட்டி சார் சொல்லியிருந்தார், அதற்காகத்தான் உட்கார்ந்தாள். தாங்கியில் எலக்ட்ரோடுகள் வரிசையாக நின்றன, கரி பூசியதும் இருந்தது, தேய்த்துக் கழுவிப் பூசாமல் வைத்ததும் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். தலைகீழாகத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால்தான் பூசியது மங்கலாகவும் பூசாதது பளபளப்பாகவும் தெரியும். அன்றைக்கு அவள் திருப்பிப் பார்க்கவில்லை. ஐந்து வருஷமாகத் திருப்பிப் பார்த்துவிட்டு மாட்டுகிறவள், அன்றைக்கு லேபில் கூட இருக்கும் ரிஸ்வானா என்னவோ சொன்னதற்குச் சிரித்துக்கொண்டே மாட்டிவிட்டாள். அமிலத்தில் ஐம்பது சுற்று ஓட்டினாள். கழுவினாள். அளக்கிற கரைசலுக்கு மாற்றினாள், பெராக்சைடு சொட்டு விட்டாள், சர்க்கரையிலிருந்து கிளம்பும் அந்தப் பெராக்சைடை அளந்துதான் சர்க்கரையைச் சொல்வது, கோடு எப்போதும்போலப் படிப்படியாக ஏறியது, ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு படி, அழகாக, வெட்டிவைத்த மாதிரி. படத்தைச் சேமித்துவிட்டு எலக்ட்ரோடைக் கழற்றித் திருப்பியபோது அது பளபளவென்று இருந்தது. கரியே பூசாத எலக்ட்ரோடு. முதலில் சிரிப்புதான் வந்தது. பழைய கரி கொஞ்சம் ஒட்டியிருந்திருக்கும் என்று நினைத்து, வெள்ளைப் பொடி போட்டுக் கை வலிக்கத் தேய்த்து, தண்ணீரில் அதிரவிட்டுக் கழுவி, மறுபடி ஓட்டினாள். மறுபடியும் படி. நேற்று இன்னொரு எலக்ட்ரோடை, கரியே படாத புதியதை, உறையிலிருந்து பிரித்து எடுத்து ஓட்டினாள். அதுவும் படி ஏறியது. சிரிப்பு எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. குப்பிக்குள் மூன்று பொருள்தான் இருக்கிறது, அவளுடைய கரி இல்லை, பிறகு எது அளந்தது என்று கேட்டுக்கொண்டபோது நாக்கில் ஒரு உலோகச் சுவை தட்டியது, அது நிஜமாகவே தட்டியதா நினைப்பில் தட்டியதா, அதுவும் தெரியவில்லை.

"அக்கா, எந்திரிச்சாச்சா, இல்ல இன்னும் கொறட்டையா?" என்று தொட்டிப் பக்கமிருந்து ரிஸ்வானா கேட்டாள். ஆராய்ச்சியில் இரண்டாம் வருஷத்துப் பெண், பீக்கர் கழுவிக்கொண்டிருந்தாள், எதைக் கழுவினாலும் பாட்டுப் பாடுவது போலச் சத்தம் வரும். "பாதிதான் ஆயிருக்கு," என்றாள் செண்பகவல்லி. "உங்க எலக்ட்ரோடு எங்க வாப்பா மாதிரிக்கா. எழுப்பவே ஒரு ஆள் வேணும்." சிரிக்க வேண்டிய இடம், சிரித்தாள், குரல் சரியாகத்தான் வந்தது. எழுப்புவது. அந்த லேபில் அப்படித்தான் சொல்வார்கள். புதிதாகப் பூசிய எலக்ட்ரோடு சோம்பேறி, உடனே வேலை செய்யாது, அமிலத்தில் போட்டு ஐம்பது சுற்று ஓட்டினால்தான் எழுந்திருக்கும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் இன்னாசி அண்ணன். அவள் சேர்ந்த வருஷம் அவன் முடிக்கிற வருஷம். ஏன் எழுந்திருக்கிறது என்று அவள் கேட்டிருக்கிறாள், கேட்காமல் இல்லை. கரிக்குள்ளே இருக்கிற பொந்தெல்லாம் திறந்துக்கும்மா என்றான். பொந்து திறந்துகொள்ளும், சரி, அவள் அதை எழுதியும் வைத்தாள், ஆராய்ச்சிப் பேப்பரிலும் அந்த வாக்கியம் வேறு உடையில் அச்சாகிவிட்டது. ஒப்பிட்டுக் காட்டுவதற்கு வெறும் எலக்ட்ரோடையும் வைத்துத்தான் அளந்தார்கள், அதில் குறை வைக்கவில்லை. கரி பூசியதில் படி ஏறும், பூசாததில் ஏறாது, பாருங்கள் கரியின் மகிமையை என்று படம் போட்டாயிற்று. ஆனால் பூசிய எலக்ட்ரோடை எழுப்பி அளந்தார்கள், பூசாததை எழுப்பாமல் அளந்தார்கள். பூசாததில் எழுப்ப என்ன இருக்கிறது? பொந்தா இருக்கிறது திறப்பதற்கு? இன்னாசி எழுப்பவில்லை, அவனுக்கு முன்னால் இருந்தவர்களும் எழுப்பவில்லை, அவளும் எழுப்பவில்லை. ஒரு மடையன்கூட வெறும் எலக்ட்ரோடை எழுப்பமாட்டான், மடத்தனமாகக் கை மாறிப் போட்டால் தவிர. அமிலத்தில் அந்த ஓட்டம் ஓட ஓட, வழியாக மட்டும் நிற்கிற கம்பி துளித்துளியாகக் கரைந்து, கண்ணுக்குத் தெரியாத தூளாகி, எதிரே நிற்கிற எலக்ட்ரோடின்மேல் போய்ப் படிந்துகொண்டிருந்தது என்றால், எழுந்தது கரி இல்லை. கம்பிதான் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. பிளாட்டினம் பெராக்சைடை அளக்கும் என்பது ஊரறிந்த விஷயம், அதைக் கண்டுபிடிக்க யாரும் ஐந்து வருஷம் உட்கார வேண்டாம்.

ஏசியிலிருந்து வாளிக்குள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கையுறைக்குள் விரல்கள் வெந்துபோன மாதிரி இருந்தன. கழற்றவில்லை, கழற்றினால் கை சும்மா இருக்காது, எதையாவது தொட்டு நிறுத்திவிடும். கம்பிதான் காரணம் என்று இல்லாமலும் இருக்கலாம். புதிய எலக்ட்ரோடின் உறைக்குள்ளேயே ஏதாவது அழுக்கு இருந்திருக்கலாம், குப்பி பழசு, அதன் சுவரில் ஏதாவது ஒட்டியிருக்கலாம். அதனால்தான் இன்று கம்பியை எடுத்துவிட்டுக் கரிக்குச்சி. கம்பி இல்லாமலும் அவளுடைய கரி படி ஏறினால், முந்தாநாளும் நேற்றும் நடந்ததை மறந்துவிடலாம், சாயங்காலத்துக்குள் சினாப்சிஸ் போய்விடும். ஏறாவிட்டால். கோடு திரும்பியது, டிக். சினாப்சிஸ் மாடியில் சாருடைய மேஜையில் இருந்தது. சௌரிராஜன் சார் மத்தியானமே கூப்பிட்டுவிட்டார். "என்னம்மா, படம் ஆச்சா? இன்னைக்கு விட்டா யுனிவர்சிட்டி செக்ஷன்ல அடுத்த மாசம்னுடுவான். எனக்கும் வயசாறது, உன் வைவாவுக்கு நான் தடி ஊனிண்டு வரணுமா?" அவர் அப்படித்தான் பேசுவார், அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போகிறவர். வெளியூர்க் கூட்டங்களில் கடைசியாகப் போடும் ஸ்லைடில் அவளுடைய படிக்கட்டுப் படத்தைப் போட்டுவிட்டு, இது எங்க ஊர் வேலிக்கருவையோட கரி, இதுக்குப் பக்கத்துல பிளாட்டினம் நிக்கமுடியாது என்பார், கை தட்டுவார்கள். நிக்கமுடியாது என்ற வார்த்தை இப்போது அவள் காதில் வேறு மாதிரி கேட்டது. நின்றுகொண்டுதானே இருந்தது, சார். எல்லாருக்கும் முன்னால், பக்கத்திலேயே.

வேலிக்கருவை என்றால் அப்பா. விளாத்திகுளம் பக்கம் விறகை மூடிச் சுட்டுக் கரியாக்கும் மூட்டம் அவருக்கு இரண்டு, புகை அடித்து அடித்து எந்நேரமும் சிவந்திருக்கும் கண். முதல் மூட்டை அவர்தான் ரயிலில் கொண்டுவந்தார், கரி மூட்டையை ஏற்றக் கூடாது என்று டிக்கெட் பரிசோதகர் சண்டை போட்டதையும் ஆராய்ச்சிக்காக்கும் என்று இவர் அதட்டியதையும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். செய்தித்தாளில் வந்தது பெரிதாக ஒன்றுமில்லை, உள்பக்கத்தில் ஒரு கட்டம், வேலிக்கருவைக் கரியில் சர்க்கரை அளக்கும் கருவி, மாணவி சாதனை. அன்றைக்கு அவர் போனில், "ஏட்டி, நம்ம கரி பேப்பர்ல வந்துருக்காம்ல. முருகேசப்பய கேக்கான், அப்ப கரியத் தின்னா சர்க்கரை கொறையுமாண்ணு. தின்னுபாரு, கொறையலைன்னா வந்து கேளுன்னு சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு இருமிச் சிரித்தார். தின்றாலும் ஒன்றுதான் அப்பா, கரி ஒன்றுமே செய்யவில்லை, அது சும்மா இருந்தது. இதை அவரிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்று யோசித்துப் பார்த்தாள். உங்க கரி மேல வேற ஒண்ணு ஒட்டிக்கிச்சு, அதுதான் வேலை செஞ்சது. அப்ப கரி நல்லதில்லையா என்பார். நல்ல கரிதான். பிறகென்ன என்பார். அவருக்குப் புரியாது என்பதில்லை, புரிந்தபின் அவர் ஒன்றும் சொல்லமாட்டார், அதுதான் கஷ்டம். சரி சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். ஏன் அப்பாவை இழுக்கிறோம், யாரும் சாகவில்லை, யாருக்கும் தப்பாக ஊசி போடவில்லை, இது ஒரு கோடு, ஒரு படம், உலகத்தில் எத்தனை படம் தப்பு. ஆனால் அந்த ஆராய்ச்சிப் பேப்பரைப் பார்த்து எங்கேயோ ஒருவன் கரியைச் சுட்டுக்கொண்டிருப்பான். அவனும் எழுப்புவான். அவனுக்கும் எழுந்திருக்கும்.

திரையில் கோடு இலேசாகப் புடைத்திருந்தது. அவள் நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தாள். முதல் சுற்றின் கோட்டுக்கும் இப்போதைய கோட்டுக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி, நிச்சயமாக இருந்தது, கண் ஏமாற்றவில்லை. எழுந்திருக்கிறது. கம்பி இல்லாமலே எழுந்திருக்கிறது. மார்புக்குள் என்னவோ கட்டு அவிழ்ந்த மாதிரி இருந்தது, உடனே ரிஸ்வானாவைக் கூப்பிட வாயைத் திறந்தாள், திறந்த வாயோடு கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடிக்கொண்டாள். இந்தப் புடைப்பு அந்தப் புடைப்பு இல்லை. பிளாட்டினக் கம்பியோடு ஓட்டும்போது கோட்டின் இடது ஓரத்தில் இரண்டு சின்ன மேடு கிளம்பும், அண்ணன் அதைக் கரியின் கையெழுத்து என்பான். இதில் மேடு இல்லை. கரி நனைந்து ஊறினால் கோடு கொஞ்சம் பருக்கும், எந்தக் கரியும் பருக்கும், அடுப்புக் கரியும் பருக்கும். அந்த இரண்டு மேட்டின் படத்தைப் பாடப் புத்தகத்தில் எங்கே பார்த்தோம் என்று அவளுக்கு நினைவு வந்தது. கரி என்ற அத்தியாயத்தில் இல்லை. எம்.எஸ்ஸி முதல் வருஷம், பிளாட்டினத்தை அமிலத்தில் ஓட்டினால் வரும் கோடு என்று கறுப்பு வெள்ளையில் ஒரு படம், இடது ஓரத்தில் இரண்டு மேடு, பரீட்சையில் வரைந்து மார்க்கும் வாங்கியிருக்கிறாள். அது தெரிந்தவள், ஐந்து வருஷமாக அதையே தினம் பார்த்துக்கொண்டிருந்தவள், ஒருநாளும் இதுதானே அது என்று நினைக்கவில்லை. சாரும் நினைக்கவில்லை. சாருக்குத் தெரியாதா? பாடம் எடுக்கிறவருக்கு? பெயர் வைத்துவிட்டால் அப்புறம் யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, கரியின் கையெழுத்து என்று சொன்னதும் எல்லோரும் கரியின் கையெழுத்தைப் பார்த்தார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். அண்ணன் விஷயத்தில் மட்டும் அப்படி நினைக்க முடியவில்லை.

இன்னாசி கொரியாவில் இருக்கிறான். அவன் இருக்கும் லேபிலேயே அவளுக்கும் இடம் சொல்லிவைத்திருந்தான், சினாப்சிஸ் கொடுத்த ரசீதை அனுப்பினால் போதும், மற்றதை அவன் பார்த்துக்கொள்வான். நேற்று சாயங்காலம் அவனுக்குப் போன் செய்தபோது முதலில் குளிரைப் பற்றிப் பேசினான், ஊர் மிளகாய்ப்பொடி தீர்ந்துவிட்டது என்றான், வரும்போது இரண்டு கிலோ கட்டிவா என்றான். "அண்ணே, ஒண்ணு கேக்கணும். கம்பிக்குப் பதிலா கரிக்குச்சி போட்டு எப்பவாச்சும் எழுப்பிப் பாத்திருக்கீங்களா?" லைன் போய்விட்டதோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், போகவில்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்தப் பக்கம் யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது. "ஏம்மா, நீ ஏன் இப்பப் போயி அதையெல்லாம் போட்டுப் பாக்குற? முதல்ல சப்மிட் பண்ணும்மா. வந்து இங்க பாப்போம்." அவ்வளவுதான். இல்லை என்றும் சொல்லவில்லை, பார்த்தேன் என்றும் சொல்லவில்லை. ஒன்றும் தெரியாதவன் என்றால், கரிக்குச்சியா, எதுக்கு, என்றுதான் கேட்டிருப்பான். எதுக்கு என்று அவன் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வி வராமல் போனது நேற்றிலிருந்து அவளைக் குடைந்துகொண்டிருந்தது. தூக்கத்தில் எதுக்கு எதுக்கு என்று அவளே அவனுக்காகக் கேட்டுப் பார்த்தாள், அவன் குரலில், அவன் இழுக்கிற மாதிரி இழுத்து, ஆனாலும் அவன் கேட்கவில்லை. அண்ணன் கெட்டவன் இல்லை. அவளுக்கு டைபாய்டு வந்தபோது ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனவன். தங்கைகளைக் கட்டிக்கொடுத்தவன். என்றைக்கோ ஒருநாள் அவனும் கரிக்குச்சி போட்டிருப்பான், இதே நாற்காலியில்தான் உட்கார்ந்து கோட்டைப் பார்த்திருப்பான், பார்த்துவிட்டுக் குச்சியைக் குப்பைத்தொட்டியில் போட்டிருப்பான். பிறகு புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, வாம்மா, எழுப்புறது எப்படின்னு சொல்லித்தரேன் என்றிருப்பான். அவள் இப்படி நினைத்ததும் தான் நினைப்பது நியாயமில்லை என்று அதை அழித்தாள், அழித்த இடத்தில் தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

சுற்று முடிந்தது. கருவி பீப் என்றது. எழுந்தபோது கால் மரத்திருந்தது. எலக்ட்ரோடை எடுத்துக் கழுவி, அளக்கிற கரைசலில் இறக்கி, கரிக்குச்சியையும் கழுவி இறக்கி, கலக்கியைச் சுழலவிட்டு, கோடு அமைதியாகட்டும் என்று காத்திருந்தாள். முதலில் சரிந்துகொண்டே வரும், பிறகு படுக்கும், படுத்தபின்தான் சொட்டு விடலாம். அவசரப்பட்டு விட்டால் எதுவும் விளங்காது. படுத்துவிட்டது என்று பட்ட பிறகும் அவள் கொஞ்சம் காத்திருந்தாள், அதற்குப் பிறகும் கொஞ்சம். காத்திருப்பதற்குக் காரணம் கோடு இல்லை என்று தெரிந்தபோது பிப்பெட்டை எடுத்தாள். ஒரு சொட்டு. கோடு இலேசாகத் துள்ளியது, சொட்டு விழுந்த அதிர்ச்சியில் எந்தக் கோடும் துள்ளும், பிறகு பழைய இடத்திலேயே படுத்துக்கொண்டது. இன்னொரு சொட்டு. இன்னொன்று. பெராக்சைடு பழசோ என்று பாட்டிலை எடுத்துப் பார்த்தாள், நேற்று வெறும் எலக்ட்ரோடுக்குப் படி போட்டுக் கொடுத்த அதே பாட்டில். அளவைக் கூட்டினாள், வழக்கமாக விடுவதைப் போலப் பத்து மடங்கு விட்டாள். கோடு ஒரு மயிரிழை எழுந்தது, அவ்வளவு ஊற்றினால் வெறும் பென்சில்கூட அவ்வளவு எழும். படி இல்லை. ஒரு படிகூட இல்லை. கோடு நேராக ஓடிக்கொண்டே இருந்தது, அது ஓடுவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், எவ்வளவு நேரம் என்று தெரியாமல்.

அழுகை வரவில்லை. வந்தது ஒரு வாக்கியம், தானாக, முழுசாக, கால்புள்ளியோடு வந்தது. பேட்டரிக் கரிக்குச்சியில் துத்தநாகமும் மாங்கனீசும் எஞ்சியிருக்க வாய்ப்புண்டு, அவை பூச்சின் செயல்திறனைக் கெடுத்திருக்கலாம். நல்ல வாக்கியம். யாரும் ஆட்சேபிக்க முடியாத வாக்கியம், உண்மையாகவும் இருக்கலாம், அதுதான் அதன் பலம். இந்தக் குச்சி அசுத்தம், ஆகவே இந்தச் சோதனை செல்லாது, ஆகவே நல்ல குச்சி வாங்கிப் பிறகு பார்க்கலாம், பிறகு என்றால் கொரியாவில். மாடிக்குப் போய்ப் பழைய படத்தையே மங்கலாக இருந்தாலும் போடுங்கள் சார் என்றால் சார் போட்டுவிடுவார். குச்சியைத் தொட்டியில் போட்டால் போட்டதுதான். அவளுக்கு அந்த வாக்கியத்தின்மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது, மனசுக்குள் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தாள், எங்கேயும் தட்டவில்லை, வழுவழுவென்று ஓடியது. அப்படி ஓடியதுதான் பயமாக இருந்தது. குச்சி அசுத்தம் சரி, அப்போது புது எலக்ட்ரோடு, கரியே படாதது, நேற்று எப்படி அளந்தது என்று கேட்டால் இந்த வாக்கியத்திடம் பதில் இல்லை, ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க அவளைத் தவிர ஆள் இல்லை.

"முடிஞ்சுதாக்கா?" ரிஸ்வானா கையைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றாள். "முடிஞ்சுச்சுன்னா கம்பியத் தாங்க. நீங்கதான் இன்னிக்கு என்னமோ பேட்டரிக் குச்சியெல்லாம் வச்சு ஆராய்ச்சி பண்றீங்களே. நான் என்னோடதை எழுப்பிடறேன். சார் திங்கக்கிழமை டேட்டா கேக்குறாரு." அவளுடைய கரி வேறு, தேங்காய் ஓட்டுக் கரி, சார் அதற்கும் ஒரு தலைப்பு வைத்துவிட்டார். முதல் எலக்ட்ரோடை இந்த வாரம்தான் பூசியிருந்தாள், அதைப் பஞ்சுப் பெட்டிக்குள் வைத்து ஏதோ குஞ்சு பொரிக்கப்போவது மாதிரி திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கை நீண்டிருந்தது, உள்ளங்கை ஈரம், சோப்பு வாசனை. செண்பகவல்லி கண்ணாடித் தட்டை எடுத்தாள். கொடுத்துவிடலாம், கம்பி அவளுடையதா என்ன, லேபுடையது. கொடுத்தால் இவளுக்கும் எழுந்திருக்கும், மூன்று வருஷம் கழித்து இவளும் ஒருநாள் திருப்பிப் பார்க்காமல் மாட்டுவாள், பிறகு ஒரு சாயங்காலம் போன் செய்வாள். "அக்கா?" என்றாள் ரிஸ்வானா, கை இன்னும் நீண்டிருந்தது. "என்னக்கா, தங்கக் கம்பி மாதிரி புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க." "இதப் போடாத," என்றாள் செண்பகவல்லி. குரல் கொஞ்சம் அதிகமாக வந்துவிட்டது. "இப்போதைக்குப் போடாத. எழுப்பாம வை." "எழுப்பாம எப்படிக்கா அளக்கிறது?" "அளக்காது. எழுப்பாம அளக்காது. அதான் விஷயம்." ரிஸ்வானா அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு திரையைப் பார்த்தாள், சொட்டு விட்ட இடங்களும் நேராக ஓடும் கோடும் அவளுக்கும் படிக்கத் தெரியும். கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள். கேலி பண்ண என்னவோ வாய்க்கு வந்து அதை விழுங்கிக்கொண்டது தெரிந்தது. "சாருக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

சார் வந்தார். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டபோதே அவள் உடம்பு எழுந்து நின்றுவிட்டது. கையில் சினாப்சிஸ், மூலையில் கிளிப் போட்டது, பேனாவையும் மூடியைக் கழற்றியே கொண்டுவந்திருந்தார். "நான் போட்டுட்டேன். நீ இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு. படம் பழசே இருக்கட்டும், பரவாயில்ல, ஓடு." அவள் பேனாவை வாங்கவில்லை. சொல்ல வேண்டியதை எந்த முனையிலிருந்து ஆரம்பிப்பது என்று தேடினாள், தேடினால் அந்த வழுவழு வாக்கியம்தான் முதலில் வந்து நின்றது, அதைத் தாண்டி, "சார், கரி பூசாத எலக்ட்ரோடும் அளக்குது" என்றாள். "என்னது?" "வெறும் எலக்ட்ரோடு சார். எழுப்பினா அளக்குது. கம்பிய எடுத்துட்டா கரி பூசினதும் அளக்கல." அவர் திரையைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இன்னும் குனிந்தார். குப்பியைப் பார்த்தார், கரிக்குச்சியைப் பார்த்தார். வாளிக்குள் தண்ணீர் சொட்டியது. "பேட்டரிக் கரிம்மா இது," என்றார் கடைசியில், மிகவும் மெதுவாக. "இதுல துத்தநாகம் இருக்கும், என்னென்னமோ இருக்கும்." அவளுடைய வாக்கியமேதான், அவர் குரலில் வந்தது. அதைக் கேட்டதும் அவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, அவர் எவ்வளவு பயந்துபோயிருக்கிறார் என்பதுதான் தெரிந்தது. "இருக்கலாம் சார். அதனாலதான் குச்சி வேண்டாம். கம்பியே போட்டு, வெறும் எலக்ட்ரோடு ஒண்ண உங்க முன்னால எழுப்பிப் பாத்துரலாம்." "செக்ஷன் மூடிடுவான்." "தெரியும் சார்." ரிஸ்வானா ஒரு ஸ்டூலை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டாள். அவர் உட்காரவில்லை. தாள்களை மேஜையில் வைத்தார், ஈரமில்லாத இடமாகப் பார்த்துத்தான் வைத்தார். "நீ தேய்ச்சது சரியில்லாம இருக்கும்," என்றார். "பழைய கரி போகாம இருந்திருக்கும். குடு, நான் தேய்க்கிறேன்."

அவள் சேர்ந்த நாளிலிருந்து அவர் ஒரு எலக்ட்ரோடைத் தொட்டுப் பார்த்ததில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தேய்ப்புத் துணியில் வெள்ளைப் பொடியைத் தூவி, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, எலக்ட்ரோடை நட்டமாகப் பிடித்து எட்டு எழுதுவது போல வளைத்து வளைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். சாயாமல், அழுத்தாமல், ஒரே சீராகப் போயிற்று கை. அவளுடைய கையைவிட நல்ல கை, பார்த்ததும் தெரிந்தது, எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் நன்றாக வேலை செய்த கை. துணி சாம்பல் நிறமாகி, பிறகு வெளுத்தது. கழுவினார், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், அந்த வட்டத்தில் டியூப்லைட் முழுசாகத் தெரிந்தது. அதற்குமேல் தேய்ப்பதற்கு ஒன்றுமில்லை. அவர் மறுபடியும் பொடியைத் தூவினார். மறுபடியும் எட்டு. ரிஸ்வானா அவளைப் பார்த்தாள். மூன்றாம் தடவை கழுவிவிட்டு, நான்காம் தடவை பொடிக்காக அவர் கை நீண்டபோது விரல் டப்பாவின் விளிம்பில் தட்டி, பொடி கொஞ்சம் மேஜையில் சிந்தியது, அவர் அதைக் கவனிக்காதவர் போல எலக்ட்ரோடைத் துணியின்மேல் வைத்து மறுபடி வளைக்க ஆரம்பித்தார். செண்பகவல்லி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் கையை அவர் முன்னால் நீட்டி, "போதும் சார், தாங்க" என்றாள்.